அண்ணாச்சி, பிளக்கைப் பிடுங்குங்க!

எங்கள் ஆபீஸில் ஒரு அண்ணாச்சி இருக்கிறார். பாளையங்கோட்டைக்காரர். பெயர் வேண்டாம், தினமும் சாயங்காலம் டீக்கடையில் அவர் முகத்தில் முழிக்க வேண்டும்.

2023 ஆவணி பிறந்ததும் அண்ணாச்சி ஒரு எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் வாங்கினார். நெல்லையப்பர் கோயில் வாசலில் எலுமிச்சம்பழம் நசுக்கி, டவுனிலிருந்து அரைக் கிலோ அல்வா வாங்கிவந்து ஆபீஸ் பூராவும் கொடுத்தார். "பெட்ரோல் பங்க் பக்கம் இனிமே தலைவச்சிப் படுக்க மாட்டேம்வே!" என்று சபதமும் எடுத்தார்.

ஒருநாள் மதினி போட்ட காபிக்காக அவர் வீட்டுக்குப் போனேன். பழைய காலத்து வீடு. வாசப்படி தாண்டினால் நடை, நடையிலேயே மாடிப்படி. படிக்கட்டுக்கு அடியில் புது வண்டி. சீட்டின் மேல் காயப்போட்ட துண்டு. பக்கத்தில் ஆறு மாதத்துப் பழைய பேப்பர் கட்டு. ஹாலில் டி.வி.க்குப் பின்னாலிருந்து ஒரு எக்ஸ்டென்ஷன் வயர் புறப்பட்டு, கதவிடுக்கில் நசுங்கி, மிதியடியின் கீழே பதுங்கி வந்து சார்ஜரில் முடிந்தது. மாடியில் அண்ணாச்சியின் அம்மாவும் இரண்டு பெண் குழந்தைகளும் தூங்குகிறார்கள். இறங்கி வர அந்த ஒரே படிதான். வெளியே போக அந்த ஒரே வாசல்தான்.

"ராத்திரி பூரா சார்ஜ்லயா கெடக்கு அண்ணாச்சி?"

"ஆமா, பத்து மணிக்குச் சொருகிட்டுப் படுத்தா காலையில ஆறு மணிக்குப் பிடுங்குவேன். ஏன், நீரு செல்போனைத் தலமாட்டுல சார்ஜ் போட்டுட்டுத் தூங்கலியா? அது மாதிரிதாம்வே இதும்!"

அண்ணாச்சி சொன்னதில் பாதி சரி. அந்த மற்றப் பாதிக்குத்தான் இந்தக் கட்டுரை.

150 செல்போன் = 1 ஸ்கூட்டர்

செல்போனில் இருப்பதும் லித்தியம் அயான் பேட்டரி. ஸ்கூட்டரில் இருப்பதும் அதே குடும்பம்தான். வித்தியாசம் அளவில். இன்றைய செல்போன் பேட்டரி ஒன்றில் ஏறக்குறைய 19 வாட்-மணி சக்தி அடங்கும். 3 யூனிட் பிடிக்கும் ஸ்கூட்டர் பேட்டரி என்றால் 3,000 வாட்-மணி. வகுத்துப் பாருங்கள்... சுமார் 150 செல்போன்! 75 வாட் ஃபேனை நாற்பது மணி நேரம் ஓட்டக்கூடிய சக்தி. 60 யூனிட் பிடிக்கும் கார் பேட்டரி என்றால் மூவாயிரம் செல்போனுக்கு மேல். அத்தனையையும் ஒரே பெட்டியில் அடுக்கி, மூடி போட்டு, அதன் மேல்தான் நாம் ஜம்மென்று உட்கார்ந்து போகிறோம்.

அந்தப் பெட்டிக்குள் என்னதான் இருக்கிறது? பத்தமடைப் பாயைப் பார்த்திருப்பீர்கள். தாமிரபரணிக் கரைக் கோரையில் நெய்து, கல்யாணத்துக்குச் சுருட்டிக் கொடுப்பார்களே, அது. உருளை வடிவ லித்தியம் செல்லும் ஒரு சுருட்டின பாய்தான். ஒரு அலுமினியத் தகடு, ஒரு தாமிரத் தகடு, இரண்டின் மேலும் மருந்துப் பூச்சு, நடுவே தலைமுடியை விட மெல்லிய பிளாஸ்டிக் சவ்வு. எல்லாவற்றையும் சேர்த்துச் சுருட்டி, எளிதில் தீப்பற்றக்கூடிய ஒரு திரவத்தை ஊற்றி, டப்பாவில் அடைத்தால் ஒரு செல். (தாமிரபரணிக்காரனுக்குத் தாமிரம் அந்நியமா என்ன!)

அந்தச் சவ்வுதான் சம்பந்தி வீட்டார் இருவருக்கும் நடுவே நிற்கும் பெரியவர். அவர் இருக்கும்வரை கல்யாணம் சுமுகம். அடிபட்டோ, அளவுக்கு மீறி சார்ஜ் ஏறியோ, செல் சூடானால் ஆபத்து ஆரம்பம். 100 டிகிரியை நெருங்கும்போதே உள்ளே வேண்டாத ரசாயன வினைகள் தொடங்கிவிடுகின்றன. 130 டிகிரி வாக்கில் சவ்வு உருக ஆரம்பிக்கும். இரண்டு தகடுகளும் நேருக்கு நேர் முட்டிக்கொள்ளும். அந்தச் சூடு பக்கத்துச் செல்லுக்குப் போகும், அது அடுத்ததற்கு. தீபாவளிச் சரவெடியில் ஒரு வெடிக்குப் பற்றவைத்தால் போதாதா?

இதில் இன்னொரு சங்கடம். நிக்கல், மாங்கனீசு, கோபால்ட் கலந்த வகை செல்கள் கடும் சூட்டில் தாங்களே ஆக்சிஜனை வெளியிடும். அதனால் ஈரச் சாக்கைப் போட்டு மூடி, காற்றில்லாமல் அணைத்துவிடலாம் என்ற நம் பாட்டி வைத்தியம் பலிக்காது. இரும்பு பாஸ்பேட் வகை (எல்.எஃப்.பி. என்பார்கள்) கொஞ்சம் சாது; அவ்வளவு லேசில் ஆக்சிஜனை விடாது. 1997இல் ஜான் குட்இனஃபின் ஆய்வுக்கூடத்தில் பிறந்தது அது. அதற்காக அதுவும் எரியவே எரியாது என்று யாராவது விற்றால் நம்பாதீர்கள்.

நோபல் பரிசும் தீயணைப்பு வண்டியும்

இந்த பேட்டரிக்குப் பிறவியிலேயே கோபம் ஜாஸ்தி. 1970களில் அமெரிக்காவில் ஸ்டான்லி விட்டிங்ஹாம் முதல் லித்தியம் பேட்டரியைச் செய்து பார்த்தபோது ஆய்வுக்கூடத்தில் அடிக்கடி தீப்பிடித்தது. வந்து வந்து அலுத்துப்போன தீயணைப்புக்காரர்கள், "அணைக்கிற ஸ்பெஷல் ரசாயனத்துக்கு இனி நீங்கதான் காசு கட்டணும்" என்கிற அளவுக்குப் போனார்களாம்! ஜப்பானில் அகிரா யோஷினோ, சுத்த லித்தியத்தை விட்டுவிட்டுக் கார்பனைப் பயன்படுத்திப் புது மாதிரி செய்தார். வெடிபொருள் சோதிக்கும் இடத்துக்கு அதைக் கொண்டுபோய், மேலிருந்து பெரிய இரும்புத் துண்டைப் போட்டார். ஒன்றும் ஆகவில்லை. பழைய மாதிரியின் மேல் போட்டார். வெடித்தது. 1991இல் சோனி கம்பெனி லித்தியம் அயான் பேட்டரியைக் கடைக்குக் கொண்டுவந்தது. 2019இல் இவர்கள் மூவருக்கும் ரசாயனத்துக்கான நோபல் பரிசு.

ஆக, பாதுகாப்பு என்பது இதில் பின்னால் ஒட்டவைத்த ஸ்டிக்கர் அல்ல. அது கிடைத்த பிறகுதான் பேட்டரியே கடைக்கு வந்தது.

வேலூரில் அந்த ராத்திரி

2022 மார்ச் கடைசியில் வேலூரில் நடந்தது ஞாபகம் இருக்கிறதா? புதிதாக வாங்கிய எலெக்ட்ரிக் ஸ்கூட்டரை ராத்திரி சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்கினார்கள். வண்டி தீப்பிடித்து வீடெல்லாம் புகை. ஒரு தகப்பனாரும் அவருடைய மகளும் மூச்சுத் திணறி இறந்துபோனார்கள். அதே வருஷம் செப்டம்பர் 12ஆம் தேதி இரவு செகந்திராபாதில், கீழே எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் ஷோரூம், மேலே லாட்ஜ். கீழே பிடித்த தீயின் புகை மாடிப்படி வழியே ஏறியது. எட்டுப் பேர் பலி.

இரண்டிலும் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். பெரிய எமன் புகை. அதில் கார்பன் மோனாக்சைடு இருக்கும். ஹைட்ரஜன் ஃப்ளோரைடு என்ற பொல்லாத வாயுவும் இருக்கும். தூங்குகிறவனுக்கு எழுந்து ஓடக்கூட அவகாசம் தராது.

பெட்ரோல் வண்டி எரிவதில்லையா? பேஷாக எரியும். ஆனால் எலெக்ட்ரிக் வண்டி, நிறுத்தி வைத்திருக்கும்போதும், சார்ஜ் ஆகும்போதும் எரியக்கூடும். அந்த நேரத்தில் நாம் தூங்கிக்கொண்டிருப்போம். வித்தியாசம் அதுதான்.

இந்தத் தொடர் விபத்துகளுக்குப் பிறகு மத்திய அரசு நிபுணர் குழு போட்டு, இருசக்கர வண்டி பேட்டரிகளுக்கான ஏ.ஐ.எஸ். 156 என்ற விதியை இறுக்கியது. 2022 டிசம்பர் 1, 2023 மார்ச் 31 என்று இரண்டு கட்டமாக அமலுக்கு வந்தது. ஒரு செல் கெட்டால் தீ பரவாமல் இருக்க வேண்டும், ஆபத்து வந்தால் சத்தமும் வெளிச்சமும் கொடுத்து எச்சரிக்க வேண்டும், தண்ணீர் புகக்கூடாது என்றெல்லாம் நிபந்தனைகள். ஆகவே செகண்ட் ஹாண்டில் சல்லிசாகக் கிடைக்கிறதே என்று பாயும் இளைஞர்கள், பேட்டரி எந்த வருஷத்துத் தயாரிப்பு என்று முதலில் பாருங்கள்.

ஏழு நாளும் செய்யக்கூடியவை

அண்ணாச்சிக்கு நான் சொன்னதை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். அவர் அன்றைக்குக் கேட்கவில்லை. நீங்களாவது கேளுங்கள்.

முதலில் இடம். வாசலை, மாடிப்படியை மறித்து சார்ஜ் போடாதீர்கள். வண்டி எரிந்தால் நீங்கள் எந்த வழியாக ஓடுவீர்கள் என்று யோசித்து, அந்த வழியில் மட்டும் வண்டியை வைக்காதீர்கள். முற்றம், போர்ட்டிகோ, வெளித் தகரக் கொட்டகை உத்தமம். பக்கத்தில் பேப்பர் கட்டு, கேஸ் சிலிண்டர், மெத்தை கூடாது.

இரண்டாவது பிளக் பாயிண்ட். அயர்ன் பாக்ஸ் பத்து நிமிஷம் கரண்ட் குடிக்கும். ஸ்கூட்டர் சார்ஜர் நாலைந்து மணி நேரம் விடாமல் குடிக்கும். தளர்ந்த பழைய சாக்கெட் அதில் சூடேறி உருகும். நல்ல எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுத் தனி வயர், தனி ட்ரிப்பர், சரியான எர்த் போடச் சொல்லுங்கள். காருக்கு 15 ஆம்ப்ஸ் பாயிண்டாவது வேண்டும். கம்பெனி கொடுக்கும் சுவர் சார்ஜர் இன்னும் நல்லது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் சீரியல் செட்டுக்கு மட்டும். மூணாவது பின் நுழையவில்லை என்று அதை உடைத்துவிட்டுச் சொருகும் மகான்கள் உண்டு. அந்தப் பின்தான் உங்கள் உயிர்.

மூன்றாவது சூடு. பாளையங்கோட்டையில் சித்திரை வெயில் 40 டிகிரியைத் தாண்டுவது சகஜம். அந்த வெயிலில் ஓட்டி வந்த வண்டி, அடுப்பிலிருந்து இறக்கின சட்டி மாதிரி. அரை மணியோ ஒரு மணியோ நிழலில் ஆறவிட்டு அப்புறம் சொருகுங்கள். ஆபீஸில் வேப்பமர நிழலுக்குச் சண்டை போட்டாலும் தப்பில்லை. நீடித்த வெப்பம் பேட்டரியின் ஆயுளைச் சத்தமில்லாமல் தின்றுவிடும்.

நான்காவது அளவு. பந்தியில் இலையை மூடும் நேரம் தெரிந்தவன் ஆரோக்கியமாக இருப்பான். பேட்டரியும் அப்படியே. அன்றாடம் 20 சதவீதத்துக்குக் கீழே வடியவிடாமல், 80ஐ ஒட்டி நிறுத்தினால் நிக்கல் வகை நெடுநாள் உழைக்கும். எல்.எஃப்.பி. வகைக்கு மட்டும் அவ்வப்போது நூறு வரை ஏற்றச் சொல்வார்கள். மீட்டர் கணக்கு சரியாகக் காட்டுவதற்காக. உங்கள் வண்டியின் புத்தகம் என்ன சொல்கிறதோ அதுவே வேதம். மாசக்கணக்கில் வெளியூர் போனால் பாதி சார்ஜில் விட்டுப் போங்கள்.

ஐந்தாவது சார்ஜர். வண்டியோடு வந்ததைத் தவிர வேறெதையும் சொருகாதீர்கள். பேட்டரிக்குள் பி.எம்.எஸ். என்று ஒரு கணக்குப்பிள்ளை உட்கார்ந்து, செல்களின் வோல்ட்டேஜையும் சூட்டையும் சதா பார்த்துக்கொண்டே இருக்கிறார். அவர் கணக்கு சரியான சார்ஜரோடுதான் ஒத்துப்போகும். ரேஞ்ச் அதிகம் கிடைக்கும் என்று யாராவது அவரைத் தாண்டி ஒயர் கொடுத்தால், வாசலில் காவல்காரனை அனுப்பிவிட்டுத் தூங்குகிற கதைதான்.

ஆறாவது அறிகுறி. பெட்டி உப்பியிருக்கிறதா? இனிப்பாக, தின்னர் மாதிரி வாசனை வருகிறதா? 'உஸ்' என்ற சத்தம்? ரேஞ்ச் திடீரென்று பாதியாகிவிட்டதா? சார்ஜ் போடாதீர்கள். சர்வீஸுக்குச் சொல்லுங்கள்.

ஏழாவது, புகை வந்தேவிட்டால்... வண்டியை இழுக்கப் போகாதீர்கள். ஒரு செம்புத் தண்ணீரும் பிரயோஜனமில்லை. தீயணைப்புக்காரர்கள் தண்ணீரைப் பல மடங்கு கொட்டித்தான் குளிரவைக்க வேண்டும். அணைந்தது போலிருந்து மறுபடி பற்றும். ஆட்களை வெளியேற்று, வண்டி இருக்கும் பக்கத்துக் கதவைச் சாத்து, 101 அல்லது 112க்குப் போன் போடு. 'எலெக்ட்ரிக் வண்டி' என்று சொல்ல மறக்காதே. வண்டிக்கு இன்ஷூரன்ஸ் உண்டு.

தண்ணி வந்தது

2023 டிசம்பர் 17, 18. நெல்லைச் சீமையில் யாருக்கும் மறக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை. ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகளோடு மாட்டிக்கொண்டது. குறுக்குத்துறை முருகன் முழுகுவது நமக்குப் பழக்கம். இந்த முறை ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டும் முழுகியது, கொக்கிரகுளத்தில் கலெக்டர் ஆபீஸ் வளாகத்துக்குள்ளும் தண்ணீர்.

அண்ணாச்சி தெருவிலும் வந்தது. குடும்பம் மாடியில். வண்டி படிக்கட்டடியில், சீட் வரை முங்கி, ஒன்றரை நாள்.

தண்ணீர் வடிந்து கரண்ட் வந்த அன்றைக்குச் சாயங்காலம் போன். குரலில் ஒரே குஷி.

"வே, வண்டி பொழச்சிட்டு! சேறெல்லாம் கழுவி, வெயில்ல காயவச்சி, சாவியத் திருப்புனா லைட் எரியுதுவே! சார்ஜ்தான் கம்மியா காட்டுது."

"சார்ஜ் கிர்ஜ் போட்டுராதீங்க அண்ணாச்சி!"

"போட்டுப் பத்து நிமிசம் ஆச்சே."

எனக்கு வேலூர் ஞாபகம் வந்தது. படிக்கட்டு ஞாபகம் வந்தது. மாடியில் இருக்கும் அந்த மூன்று பேர் ஞாபகம் வந்தது.

"அண்ணாச்சி... மொதல்ல சுவிட்ச ஆஃப் பண்ணி பிளக்கைப் பிடுங்குங்க! வண்டியத் தெருவுக்குத் தள்ளுங்க. காரணம் பொறவு சொல்லுதேன்!"

நான் கத்திய கத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. அண்ணாச்சிக்கு என் மேல் கோபம். ஆனாலும் பிடுங்கினார். தெருக்கோடிக் காலிமனையில் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினார்.

காரணம் இதுதான். தண்ணீர் புகாத பேட்டரி என்று ஐ.பி. 67 முத்திரை போட்டிருக்கும். அதன் அர்த்தம், ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்கும் என்பதே. ஒன்றரை நாள் வெள்ளத்துக்கு யாரும் உத்தரவாதம் கொடுக்கவில்லை. உள்ளே போன தண்ணீர் காய்ந்தாலும் அதிலிருந்த உப்பும் சேறும் காயாமல் தங்கும். கரண்ட் போகக்கூடாத இடத்தில் அது பாலம் போடும். அமெரிக்காவில் ஃப்ளோரிடா கரையை 2022 செப்டம்பரில் 'இயன்' புயல் தாக்கியபோது, கடல்நீரில் முங்கிய எலெக்ட்ரிக் கார்கள் சில, நாட்கள் கழித்து, வாரங்கள் கழித்துக்கூடத் தாமாகவே தீப்பிடித்தன. கடலோரம் என்றால் இந்த ஆபத்து இன்னும் அதிகம். காயல்பட்டினம், புன்னைக்காயல் வாசகர்கள் அடிக்கோடிட்டுக் கொள்ளவும்.

முங்கின வண்டியை ஸ்டார்ட் செய்யாதே, சார்ஜ் போடாதே, வீட்டிலிருந்து ஐம்பது அடி தள்ளி நிறுத்து, கம்பெனி ஆளுக்குச் சொல். அவ்வளவுதான் விதி.

பத்து நாள் கழித்து மெக்கானிக் வந்து பெட்டியைத் திறந்தார். உள்ளே விரலளவு சேற்றுக் கோடு. செல்களை இணைக்கும் பட்டைகளில் பச்சையாகப் பாசி மாதிரி. அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "ராத்திரி பூரா சார்ஜ்ல கெடந்திருந்தா..." என்று ஆரம்பித்தவர், உள்ளே எட்டிப் பார்த்த சின்னப் பெண்ணைப் பார்த்துவிட்டு மீதியை விழுங்கிவிட்டார். அண்ணாச்சியும் விழுங்கினார், எச்சிலை.

ஆரஞ்சு கலரைத் தொடாதே!

கார் வாங்கப்போகும் மாப்பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. தாமிரபரணி கடலில் கலக்கும் தூத்துக்குடிச் சீமையிலேயே இப்போது எலெக்ட்ரிக் கார் தயாராகிறது. வியட்நாமின் வின்ஃபாஸ்ட் தொழிற்சாலை 2025 ஆகஸ்ட் 4இல் திறக்கப்பட்டது. ஸ்கூட்டர் பேட்டரி பெரும்பாலும் 48இலிருந்து 72 வோல்ட்டுக்குள். காரில் 300, 400 வோல்ட். சிலதில் 800! டி.சி. 60 வோல்ட்டைத் தாண்டினாலே ஹை வோல்ட்டேஜ் கணக்கில் வைத்துத்தான் இந்தத் துறையில் கைவைக்கிறார்கள்.

பானெட்டைத் திறந்தால் கேசரி கலரில் தடிமனான ஒயர்கள் தெரியும். அழகாக இருக்கிறதே என்று தொட்டுப் பார்க்க வேண்டாம். அதுதான் உலகம் பூராவும் ஹை வோல்ட்டேஜுக்கு அடையாளம். சாவியை அணைத்தாலும் பேட்டரிக்குள் அத்தனை வோல்ட்டும் அப்படியே இருக்கும். வெளியே சில பாகங்களிலும் சில நிமிஷம் தங்கும். 'நம்ம பையன் டிப்ளமோ, அவனே பிரிச்சிப் பார்ப்பான்' என்ற பேச்சே கூடாது. பயிற்சி பெற்றவர், ரப்பர் கையுறை, முறையான துண்டிப்பு... அப்புறம்தான் ஸ்பானர். காருக்கு அடியில் கல் இடித்துப் பேட்டரிப் பெட்டி நசுங்கினாலும் உடனே காட்டுங்கள். வாட்டர் சர்வீஸில் சார்ஜிங் துவாரத்தின் மேல் பீய்ச்சி அடிக்க விடாதீர்கள்.

ஆயுள் முடிந்த பேட்டரியைப் பேரீச்சம்பழத்துக்குப் போடுவதும் ஆகாது! உள்ளே மிச்ச சக்தி இருக்கும். சுத்தியல் பட்டால் போச்சு. 2022ஆம் வருஷத்து பேட்டரிக் கழிவு விதிகளின்படி, பழையதைத் திரும்பச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்புவது தயாரிப்பாளர் பொறுப்பு. டீலரிடமே கொடுங்கள்.

1944இலேயே பாபநாசத்தில் தாமிரபரணியை இறக்கிக் கரண்ட் எடுத்த ஊர் இது. கயத்தாறில் காற்று, கூடங்குளத்தில் அணு. நமக்குக் கரண்ட் புதுசல்ல. அதைப் பெட்டியில் அடைத்து வீட்டுக்குள் வைத்துக்கொள்வதுதான் புதுசு.

அண்ணாச்சிக்கு புது பேட்டரி வந்தது. முற்றத்து முருங்கைமரத்தை ஒட்டித் தகரக் கொட்டகை, தனி பாயிண்ட், புது எர்த். சாயங்காலம் ஆறி முடிந்ததும் சொருகி, பத்து மணிக்குப் பிடுங்கிவிட்டுத்தான் படுக்கிறார். மழை எச்சரிக்கை என்று ரேடியோவில் சொன்னால் வண்டியை மேட்டுத் தெருவில் மச்சினன் வீட்டுக்குக் கொண்டுபோய் விடுகிறார்.

போன வாரம் டீக்கடையில், புதுசாக எலெக்ட்ரிக் வண்டி வாங்கிய பையன் ஒருவனைப் பிடித்து நிறுத்தி வைத்துப் பேசிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கூப்பிட்டார்.

"இங்க வாரும்வே, நீரும் கேட்டுக்கிடும்! ராத்திரி பூரா சார்ஜ் போடக்கூடாதாம், தெரியுமா? உம்ம மாதிரி ஆளுகளுக்கெல்லாம் இதை யாரு சொல்லுதா!"

டீக்காசு அன்றைக்கும் நான்தான் கொடுத்தேன்.